400 வாட் எங்கே போனது?

அரிசோனாவின் மேற்கு ஓரத்தில், கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே அரைமணி நேர ஓட்டத்தில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர். 2020 கணக்கெடுப்பின்படி ஊரில் 2,400 பேர் சொச்சம். ஜூலையில் போனால் அந்தச் சொச்சம்கூட வெளியே தலைகாட்டாது; வெயில் 40 டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். ஜனவரியில் போனால் ஊரைச் சுற்றிய பாலைவெளி முழுக்க மோட்டார்ஹோம்கள். வட மாநிலங்களிலும் கனடாவிலும் பனி கொட்டத் தொடங்கியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெற்கே இறங்கிவரும் ஓய்வுபெற்றவர்களின் வண்டிகள் அவை. ஸ்நோபேர்டு என்று அவர்களுக்குப் பெயர்.

நிலம் மத்திய அரசுடையது. நில மேலாண்மைப் பணியகம் பார்த்துக்கொள்கிறது. பொதுவாக ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. ஆனால் ஊருக்குத் தெற்கே லா போசா என்ற பகுதியில், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டால், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கூடாரமடித்த மாதிரி இருந்துவிடலாம். தண்ணீர் பிடிக்க ஓர் இடம், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஓர் இடம் உண்டு. மின்சாரம் கிடையாது. வெளியிலிருந்து எதுவும் வராத நிலத்தில் காலந்தள்ளும் முயற்சி இங்கே பழையதுதான். 1856இல் அமெரிக்க ராணுவம் தென்மேற்குப் பாலைகளில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது கூடவே வந்த ஒட்டகக்காரர் ஹாஜி அலி இந்த ஊர்க் கல்லறையில்தான் கிடக்கிறார். சமாதியின் உச்சியில் செம்பில் ஓர் ஒட்டகம் நிற்கிறது. இன்று வருகிறவர்கள் சுமந்து வருவது பேட்டரிகளையும், கூரைமேல் அவற்றை நிரப்பும் சோலார் பேனல்களையும்.

ஒரு சாதாரண வண்டியை எடுத்துக்கொள்வோம். கூரையில் 100 வாட் பேனல்கள் நான்கு, படுக்கைவசத்தில். மொத்தம் 400 வாட். டிசம்பர் மாதத்து நண்பகல், வானில் மருந்துக்கும் மேகமில்லை. உள்ளே, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்கும் கன்ட்ரோலரின் திரையைப் பார்த்தால் 200 வாட்டை ஒட்டி நின்றுகொண்டு மேலே ஏற மறுக்கிறது. புதிதாகப் பேனல் போட்டவர்கள் முதலில் சந்தேகப்படுவது விற்றவரை. அடுத்து வயரிங் செய்தவரை. இருவர்மேலும் பெரும்பாலும் குற்றமில்லை. காணாமல்போன 200 வாட்டைத் தேடிப் போவதுதான் இந்த அத்தியாயம்.

பேனலின் முதுகில் ஒட்டிய தாளில் இருக்கும் எண் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு பேனலின் முகத்துக்கு நேரே ஒரு விளக்கு சில மில்லிநொடிகள் பளிச்சிடும். சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, நேர்க்குத்தாக. அந்தக் கணத்தில் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி. பளிச்சிடல் அவ்வளவு குறுகியதாக இருப்பதே செல் சூடேறிவிடக் கூடாது என்பதற்காக. வெயிலில் மணிக்கணக்கில் கிடக்கப் பிறந்த பொருள், வெயிலின் சூடு படாத நொடியில் தேர்வு எழுதி வாங்கிய மதிப்பெண் அது.

அந்த எண்ணில் ஒரு பெரிய கழிவு ஏற்கெனவே அடங்கிவிட்டது. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை அதன் பிடியிலிருந்து விடுவிக்கச் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதற்குக் குறைந்த ஆற்றலுள்ள அகச்சிவப்பு ஒளித்துகள்கள் பயனின்றிப் போகின்றன. அதிகமுள்ள நீல ஒளித்துகள்கள் ஓர் எலக்ட்ரானை விடுவித்துவிட்டு மிச்சத்தைச் சூடாக விட்டுவிடுகின்றன. 1954 ஏப்ரலில் பெல் ஆய்வகத்தில் டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் மூவரும் உலகுக்குக் காட்டிய முதல் நடைமுறை சிலிக்கான் செல், விழுந்த ஒளியில் 6 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக்கியது. இன்று கூரையில் கிடப்பவை 20 விழுக்காட்டுக்குச் சற்று மேலே. ஆனால் இந்த இழப்பு நம் 200 வாட்டுக்குக் கணக்குச் சொல்லாது. தாளில் உள்ள 100 வாட் என்பதே எல்லாம் போக மிஞ்சியது.

சேப்பின் அந்த வேலையில் இறங்கியதற்குக் காரணம், கம்பி எட்டாத ஈரப்பதமான வெப்ப நாடுகளில் தொலைபேசிக் கருவிகளின் உலர் பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போனதுதான். 1958 மார்ச்சில் பறந்த வான்கார்டு 1 செயற்கைக்கோளில் சோலார் செல்கள் இருந்தன. அதன் ரசாயன பேட்டரி சில மாதங்களில் செத்தது. சோலார் செல்களில் ஓடிய ஒலிபரப்பி 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. மின்கம்பம் இல்லாத இடத்துக்காகவே பிறந்த சரக்கு இது. ஊர் வீடுகளின் மாடிக்கு ஏறியதெல்லாம் பிற்பாடு.

சரி, 200 வாட். பெரும்பகுதியைத் தின்றது வானியல். குவார்ட்ஸைட் 33.7 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23.4 டிகிரியில் நிற்கும். ஆக, நண்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் எழும்பும். அந்த நேரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றால் உங்கள் நிழல் உங்களைவிட ஒன்றரை மடங்கு நீளமாக வடக்கே விழுந்து கிடக்கும். கூரையில் படுத்திருக்கும் பேனலுக்கும் அதே சரிவில்தான் ஒளி வருகிறது. சரிந்து விழும் ஒளி கூடுதல் பரப்பில் பரவுகிறது. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கிடைக்கும் பங்கு கோணத்தின் சைன் அளவுக்குச் சுருங்குகிறது. 33 டிகிரியின் சைன் 0.54. நேரடி வெயிலில் பாதிக்குச் சற்று மேல்தான் பேனலுக்கு வரவு. சிதறி வரும் வானொளி இதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். வயரும் கன்ட்ரோலரும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். கூட்டிக்கழித்துப் பாருங்கள், திரையில் நின்ற எண் வந்துவிடும்.

நாள் முழுவதற்குமான கணக்கு இன்னும் கறார். தென் அரிசோனாவில் டிசம்பரில் ஒரு சதுர மீட்டர் தட்டைப் பரப்பில் ஒரு நாளைக்கு விழுவது சுமார் 3 கிலோவாட் மணி. அதே பரப்பைத் தெற்கு நோக்கி 50 டிகிரி அளவில் நிமிர்த்தினால் 5 கிலோவாட் மணியை ஒட்டிப் போகும். அட்சரேகையோடு 15 டிகிரி கூட்டிச் சாய்ப்பது குளிர்காலத்துக்கான பழைய நடைமுறை. அதனால்தான் இந்த 50. அதே தட்டைப் பரப்பு ஜூனில் 8 கிலோவாட் மணிக்கு மேல் வாங்கும். ஆனால் ஜூனில் யார் அங்கே இருக்கிறார்கள்?

400 வாட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். தட்டையாக இருந்தால் 1,200 வாட் மணி. அதில் ஐந்தில் ஒன்றை வழிச்செலவாகத் தள்ளினால் 960. பேட்டரியின் மொழியில் சுமார் 75 ஆம்பியர் மணி. நிமிர்த்தினால் 125 ஆம்பியர் மணி. வித்தியாசம் 50. இந்த 50ஐத் தட்டையாகக் கிடக்கும் பேனலை வைத்தே ஈடுகட்ட, ஏறக்குறைய 270 வாட் பேனல் கூடுதலாக வேண்டியிருக்கும். இரண்டு அலுமினியத் தாங்கியும் ஒரு கீலும் செய்கிற வேலை அது.

ஆகவே கீல் போடுங்கள் என்று இயற்பியல் சொல்கிறது. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். பேனலை நிமிர்த்த ஏணி வைத்துக் கூரைக்கு ஏற வேண்டும். ஏறுகிறவருக்கு வயது 70. பாலையில் திடீரென்று எழும் காற்று, நிமிர்ந்து நிற்கும் பேனலைப் பாய்மரமாக நினைத்துக்கொள்ளும். கிளம்பும் நாளில் மடக்க மறந்து நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறவர்களும் உண்டு. அதோடு, பேனல்கள் வண்டியின் நீளவாக்கில் கீல் போட்டுப் பொருத்தப்பட்டிருந்தால் வண்டி கிழக்கையோ மேற்கையோ பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் சாய்வு தெற்கைப் பார்க்கும். லா போசாவில் இடத்துக்குப் பஞ்சமில்லை, எப்படி வேண்டுமானாலும் நிறுத்தலாம். கோடு போட்டுக் கொடுத்த முகாம்களில் அது நடக்காது. மறுபக்கம் விலை. 1976இல் ஒரு வாட் பேனலின் விலை, பணவீக்கத்தைக் கணக்கிட்டால், 100 டாலருக்கு மேல். 2019இல் 40 சென்ட்டுக்கும் கீழ். சாய்ப்பதற்கான தாங்கிகளும் நுட்பங்களும் பேனல் தங்கமாக விற்ற காலத்தில் பிறந்தவை. கூரையில் இடம் இருந்தால் இன்னும் இரண்டு பேனலைப் படுக்கப்போட்டுவிட்டுக் கீழேயே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது. இடுப்பெலும்புக்கு வாட் கணக்கில் விலை கிடையாது.

ஆனால் கூரையில் இடம் இருக்கிறதா? 9 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் அகலமும் உள்ள வண்டிக்கு 20 சதுர மீட்டருக்கு மேல் கூரை. ஏசி இயந்திரங்கள், காற்றுப்போக்கிகள், குளியலறையின் கண்ணாடிக் குமிழ், தொலைக்காட்சி ஆன்டெனா, கழிவுக் குழாயின் மூக்கு என்று ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொள்கின்றன. பிடித்த இடத்தைவிட அவை எறியும் நிழல்தான் தொல்லை. குளிர்காலத்தில் ஓர் அடி உயர ஏசிப் பெட்டி ஒன்றரை அடிக்கு நிழல் நீட்டும், காலையிலும் மாலையிலும் இன்னும் அதிகம்.

நிழல் பேனலில் தன் பரப்பைவிடப் பல மடங்கு சேதம் செய்யும். 100 வாட் பேனலில் வழக்கமாக 36 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரே மின்னோட்டம் அத்தனையையும் கடந்தாக வேண்டும். ஒற்றையடி மரப்பாலத்தில் நடுவே ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் வருகிற எல்லோரும் நிற்பதுபோல, ஒரு செல் நிழலில் மாட்டினால் வெயிலில் இருக்கும் மற்றவையும் அதன் வேகத்துக்கு இறங்குகின்றன. இறங்குவதோடு முடியாது, மற்ற செல்களின் அழுத்தம் முழுவதும் நிழல்பட்ட செல்லின்மேல் திரும்பி அதைச் சூடாக்கும். இதற்காகத்தான் பேனலின் பின்னாலுள்ள கறுப்புப் பெட்டிக்குள் பைபாஸ் டயோடுகளை வைக்கிறார்கள். அடைபட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் போய்விடும். ஆனால் 36 செல்லுக்குப் பொதுவாக இரண்டே டயோடுகள். ஒரு செல்லுக்காக 18 செல்களை விட்டுக்கொடுக்க வேண்டும், அதாவது பாதிப் பேனலை. 12 வோல்ட் பேட்டரியை நேரடியாக நிரப்பவேண்டிய பேனலுக்குப் பாதி அழுத்தம் என்றால் அது எதற்கும் பயன்படாது. உள்ளங்கை அகல நிழல், 100 வாட் போச்சு. தூசியும் பறவை எச்சமும் இதே வகையில் சின்னச் சின்னக் கடன். துணி போட்டுத் துடைத்தால் தீர்ந்தது.

குளிர்காலம் ஒரு விஷயத்தில் மட்டும் தயவு காட்டுகிறது. சிலிக்கான் செல் சூடேறச் சூடேற அதன் அழுத்தம் குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் திறனில் சுமார் 0.4 விழுக்காடு. வெயிலில் கிடக்கும் செல் சுற்றியுள்ள காற்றைவிட 25, 30 டிகிரி கூடுதலாகச் சூடாகும். கூரையோடு ஒட்டிப் படுத்துக் கீழே காற்றோட்டம் இல்லாவிட்டால் அதற்கும் மேல். ஜூலையில் 42 டிகிரிக் காற்றில் செல் 70ஐத் தாண்டி, தாளில் உள்ள எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். ஜனவரியின் 20 டிகிரியில், அதுவும் சரிந்த வெயிலில், இழப்பு அதில் பாதிகூட இருக்காது.

அடுத்து கன்ட்ரோலர். 36 செல் என்ற எண்ணிக்கையில் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. ஒரு செல் தன் உச்சத் திறனில் அரை வோல்ட் தருகிறது; 36க்கு 18 வோல்ட். ஈய பேட்டரியை நிரப்ப 14.4 வோல்ட் போதும். சூட்டில் அழுத்தம் விழுந்தாலும் எட்ட வேண்டும் என்பதற்காக வைத்த உபரி அது. பழைய பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலர் பேனலைப் பேட்டரியோடு நேரே இணைத்துவிட்டு, நிரம்பியதும் இணைப்பை விட்டு விட்டுத் துண்டிக்கும். 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரக்கூடிய பேனலைப் பேட்டரி தன் 12.5 வோல்ட்டுக்கு இழுத்துக்கொள்கிறது. அப்போதும் வருவது அதே 5.5 ஆம்பியர். பெருக்கினால் 69 வாட். மிச்சம் பேனலிலேயே சூடாகப் போகிறது. எம்பிபிடி என்ற புதிய வகை, பேனலை 18 வோல்ட்டில் உழைக்க விட்டு, உள்ளே அழுத்தத்தைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டிக் கொடுக்கிறது: 7.5 ஆம்பியருக்கு மேல். குளிர்ந்த பேனல், காலியான பேட்டரி என்றால் ஆதாயம் மிக அதிகம். பாலையின் ஜனவரிக் காலையில் இரண்டும் ஒன்றாக அமைகின்றன.

இவ்வளவு தாண்டி பேட்டரிக்கு வந்து சேர்ந்த மின்சாரத்தை அது ஏற்றுக்கொள்ள வேண்டுமே!

காஸ்டன் பிளாண்டே 1859இல் ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் வைத்த நாளிலிருந்து ஈய பேட்டரியின் சுபாவம் மாறவில்லை. மோட்டார்ஹோம்காரர்களிடம் நீண்டகாலம் செல்லப்பிள்ளையாக இருந்தது கோல்ஃப் வண்டிக்கென்று செய்யப்பட்ட 6 வோல்ட் பேட்டரி. தடித்த தகடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 28 கிலோ. இரண்டைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட்டில் 220 ஆம்பியர் மணிக்கு நெருக்கம். அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே போகப் போக ஆயுள் தேயும்.

நிரப்பும்போது இன்னொரு பிடிவாதம். முக்கால் அளவு வரை கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதன்பின் அமிலம் தகட்டின் உள்துளைகளுக்குள் ஊறி ஊறித்தான் வேலை நடக்கவேண்டும். மின்னோட்டம் தானாகவே வடிந்து, கடைசி ஐந்தில் ஒரு பங்கை நிரப்ப மூன்று நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் 3,000 வாட் ஜெனரேட்டரை ஓட்டுவது ஆளுயர அண்டாவில் காபி போடுகிற கதை. அங்கேதான் சோலார் ஜெனரேட்டரை மிஞ்சுகிறது. அவசரமில்லாத, சத்தமில்லாத, மாலை வரை நீளும் சிறு மின்னோட்டம். ஈயத்துக்கு அதுதான் வேண்டும். விவரமறிந்த பழையவர்கள் காலையில் ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் ஓட்டிப் பெரும்பகுதியை அடைத்துவிட்டு, மீதியை வெயிலிடம் விட்டுவிடுவார்கள். இதற்கு நேர்மாறாகச் செய்கிறவர்கள் உண்டு: பகலெல்லாம் வெயிலை நம்பிவிட்டு, மாலையில் திரையைப் பார்த்துப் பதறி ஜெனரேட்டரை முடுக்குவார்கள். லா போசாவில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். அண்டை வண்டிக்காரரின் பொறுமை அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடும்.

தினமும் 90 விழுக்காட்டோடு நின்றுவிடும் ஈய பேட்டரி சத்தமில்லாமல் சாகிறது. மின்சாரம் எடுக்கும்போது தகடுகளில் படியும் ஈய சல்ஃபேட், முழுதாக நிரப்பினால்தான் முழுதாகக் கரையும். கரையாமல் தங்கியது நாளடைவில் பெரிய படிகங்களாக இறுகி, அந்த இடத்தைத் தகடு இழந்துவிடும். பேட்டரி திடீரென்று போய்விட்டது என்று அலுத்துக்கொள்கிறவர்களின் கூரையில் பெரும்பாலும் டிசம்பரின் 75 ஆம்பியர் மணிக்குள் அடங்காத வாழ்க்கை நடந்திருக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தபிறகு இந்தச் சள்ளை பாதிக்குமேல் தீர்ந்தது. அந்தக் கதையில் நமக்குச் சொந்தமான ஒரு பங்கு இருக்கிறது. தென் தமிழகத்தின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம் 1980களில் லித்தியம் பேட்டரி ஆய்வாளர் ஜான் குட்இனஃப்பின் ஆய்வகத்தில் சேர்ந்தார். இரும்பு ஆக்சைடை நேர்மின்வாயாக வைத்தால் அழுத்தம் 2.5 வோல்ட்டுக்கும் கீழேதான் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆக்சிஜனைத் தனியாக விடாமல் கந்தகத்தோடு பிணைத்து இரும்பு சல்ஃபேட்டாக வைத்துப் பார்த்தார்கள் இருவரும். கந்தகம் ஆக்சிஜனைத் தன்பக்கம் இறுக இழுக்க, இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு தளர்ந்தது; அழுத்தம் 3.6 வோல்ட்டுக்கு எகிறியது. மலிவான இரும்பை வைத்தே நல்ல பேட்டரி செய்யலாம் என்ற வாசல் அப்படித் திறந்தது. சல்ஃபேட் இருந்த இடத்தில் பாஸ்பேட்டை வைத்து, அக்ஷய பாதியும் கிரகோடு நஞ்சுண்டசாமியும் குட்இனஃப்போடு சேர்ந்து 1997இல் வெளியிட்டதுதான் இன்று வண்டிகளில் இருக்கும் வேதியியல். 2019இல் நோபல் பரிசு வாங்கியபோது குட்இனஃப்புக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவருக்குப் பதிலாக நோபல் உரையை ஆற்றியவர் மந்திரம்.

பாஸ்பரஸ் ஆக்சிஜனைப் பிடித்த பிடி விடாது. செல் அளவுமீறிச் சூடானாலும் ஆக்சிஜன் எளிதில் கழன்றுவந்து நெருப்புக்குத் தீனியாவதில்லை. கட்டிலுக்கு அடியில் பேட்டரியை வைத்து அதன்மேல் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஒரு செல் 3.2 வோல்ட், நான்கைக் கோத்தால் 12.8. ஈயத்தை மனதில்வைத்து வடிவமைத்த விளக்கும் பம்பும் விசிறியும் வித்தியாசமே தெரியாமல் ஓடுகின்றன. இயற்கை இந்த எண்ணை வேறு எங்காவது வைத்திருந்தால் எல்லா வண்டிகளையும் மாற்றி வயரிங் செய்ய வேண்டியிருந்திருக்கும்! எடை ஈயத்தில் பாதிக்கும் கீழே, கொள்ளளவில் பெரும்பகுதியை எடுக்கலாம், ஆயிரக்கணக்கான முறை நிரப்பலாம், பாதியில் நிறுத்தினாலும் கோபித்துக்கொள்ளாது.

இரண்டு குணங்களை மட்டும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே இதை நிரப்பக் கூடாது. லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன்மேல் உலோகமாகவே படிந்துவிடும், படிந்தது திரும்பாது. நல்ல பேட்டரியின் உள்ளிருக்கும் காவல் சுற்று அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிடும். குவார்ட்ஸைட்டில் இது அபூர்வம். அதே மாநிலத்தில் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃபில் குளிர்காலம் முழுக்கக் காலைகளில் இதுதான் நிலை. இரண்டாவது, அழுத்தத்தைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. ஓய்விலிருக்கும் ஈய பேட்டரி 12.7 காட்டினால் முழுசு, 12.1 காட்டினால் பாதி. இரும்பு பாஸ்பேட்டோ நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் ஏறத்தாழ ஒரே முகத்தோடு இருந்துவிட்டு, கடைசியில் சட்டென்று சரியும். அதனால் ஷன்ட் என்ற சிறு பித்தளைத் துண்டை எதிர்மின் வயரில் மாட்டி, போகும் வரும் ஆம்பியர்களை எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள். 500 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் என்பது வழக்கமான அளவு. சோலார் போடுகிறவர் முதலில் வாங்கவேண்டிய பொருள் எது என்று கேட்டால் நான் பேனலைச் சொல்ல மாட்டேன், இந்த ஷன்ட்டைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் வரவு தெரிந்தவர்களுக்கும் செலவு தெரிவதில்லை. காபி இயந்திரம் 1,000 வாட் இழுக்கிறது என்று பயந்து அதை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து நிமிடம் ஓடினால் 167 வாட் மணி. இன்வெர்ட்டரின் கமிஷனையும் சேர்த்து 15 ஆம்பியர் மணிக்குள். அந்த இன்வெர்ட்டரை அணைக்காமல் நாள் முழுக்க விட்டுவைத்தால், எதையுமே ஓட்டாமல் மணிக்கு 1 ஆம்பியர் வீதம் 24 ஆம்பியர் மணி போகும். பெரிய இன்வெர்ட்டர் என்றால் இரட்டிப்பு. உண்மையான பெருந்தீனிக்காரன் புரொப்பேன் ஹீட்டர். வாயு எரிவதால் மின்செலவில்லை என்று தோன்றும். ஆனால் சூடான காற்றைத் தள்ளும் விசிறி 8 ஆம்பியர் எடுக்கிறது. பாலையின் குளிரிரவில் மொத்தம் ஆறு மணி நேரம் ஓடினால் 48 ஆம்பியர் மணி. டிசம்பரின் நம் 75இல் பாதிக்கு மேல், அதுவும் எல்லோரும் உறங்கும்போது. மீதியில் விளக்கு, கைபேசி, தொலைக்காட்சி, தண்ணீர் பம்பு, வாயு எச்சரிக்கைக் கருவி. அதோடு வாயுவில் ஓடும் குளிர்பெட்டியின் மின்னட்டை. தினம் ஏழெட்டு ஆம்பியர் மணி இடித்தால் ஒரே நாளில் தெரியாது. இரண்டு வாரத்தில் பேட்டரி தரைதட்டும். விசிறியே இல்லாத சின்ன கேஸ் ஹீட்டரைச் சன்னலைச் சற்றுத் திறந்துவைத்துப் பயன்படுத்துகிறவர்கள், இரண்டாவது போர்வையை எடுத்துக்கொள்கிறவர்கள், பேனல் ஒன்றைக் கூட்டியதற்குச் சமமாகச் சேமிக்கிறார்கள்.

ஏசி வேறு கணக்கு. கூரை ஏசி 1,500 வாட். எட்டு மணி நேரத்துக்கு 12 கிலோவாட் மணி. கூரையில் மற்றவை விட்டுவைத்த இடத்தையெல்லாம் பேனலால் மூடி, ஜூன் வெயிலை முழுதாக வாங்கினாலும் இழுபறிதான். 400 வாட் காரருக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

ஏப்ரல் நடுவில் சீட்டு முடிகிறது, வெயிலும் ஏறுகிறது. வண்டிகள் வடக்கே திரும்புகின்றன. மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவின் பக்கம், 48.5 டிகிரி அட்சரேகையில், ஜூன் மாத நண்பகல் சூரியன் 65 டிகிரி உயரத்தில் நிற்கும். பகல் 16 மணி நேரம். சைன் 0.9. அரிசோனாவில் பாதியை இழந்த அதே தட்டைப் பேனல், இங்கே கீலும் ஏணியும் இல்லாமலே முழுத் திறனை நெருங்கும். ஹீட்டரும் அவ்வளவாகத் தேவைப்படாது. கணக்கு மிச்சத்தில் ஓடவேண்டிய காலம். ஆனால் அங்கே முகாம்கள் எல்லாம் பைன் காட்டுக்குள் இருக்கின்றன, வண்டியை நிறுத்த எல்லோருக்கும் பிடித்த இடம் மரத்தடி. பாதிப் பேனலை நிழலுக்குக் கொடுத்த கதைதான் மறுபடி. அதனால் மடித்து வைக்கும் 200 வாட் பேனல் ஒன்றைத் தனியாகக் கொண்டுபோய், மரங்களைத் தாண்டி வெட்டவெளியில் விரித்து, 10 மீட்டர் வயரில் வண்டிக்கு இழுக்கிறார்கள். 5 சதுர மில்லிமீட்டர்ச் செம்பு வயரில் போக வர 20 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.07 ஓம், 11 ஆம்பியர் ஓடினால் 8 வாட் வழியிலேயே போகும். அந்தப் பேனலின் இரு பாதிகளையும் தொடராக இணைத்து 36 வோல்ட்டாக்கி அனுப்பினால் மின்னோட்டம் பாதி, இழப்பு கால்பங்கு: 2 வாட். அதற்கு வண்டிக்குள் இருப்பது எம்பிபிடி கன்ட்ரோலராக இருக்க வேண்டும். இணைப்பை மாற்றும் முன் அது தாங்கும் உச்ச அழுத்தத்தைப் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.